ஒழிப்பதற்கு ஒரு குடிசை

வீடு கட்டித் தருகிறோம் என்று அரசாங்கத்திடமிருந்து கலியனுக்குக் கடிதம் வந்தது. அடுத்த பதினைந்தே நாளில் அவன் வீடில்லாதவன் ஆனான். இதில் அரசாங்கத்தின் குற்றம் ஒன்றுமில்லை. கலியன் கொஞ்சம் சுறுசுறுப்பானவன்.

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒத்தப்பனைமேட்டில் அவனும் அவன் மனைவி சுலோசனாவும் இருபத்தாறு வருஷமாக ஓர் ஓலைக் குடிசையில் குடியிருந்தார்கள். இருவரும் அளத்தில் உப்பு வாருகிறவர்கள். புயல் வருகிற வருஷங்களில் குடிசை போய்விடும். புயல் போனதும் அதே இடத்தில் மறுபடி எழுந்துவிடும். மகள் ஜெயப்ரியாவை வானூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஆறு மாதம். ஐப்பசிக் கடைசியில் குழந்தை பிறக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தலைப்பிரசவம் என்றால் தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஐப்பசி என்றால் அடைமழை. பிறக்கிற பிள்ளையைப் படுக்க வைக்க நனையாத இடம் ஒன்று வேண்டும். கலியன் கடவுளிடம் கேட்டது இவ்வளவுதான். கடிதத்தைக் கண்டதும், கடவுள் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டார் என்று நினைத்தான்.

கடிதத்தைக் கடைக்கார பக்கீர் முஹம்மது படித்துச் சொன்னார். குவைத்தில் இருபது வருஷம் இருந்தவர். எந்தத் தாளைக் கண்டாலும் அவருக்குப் பயம் கிடையாது.

"குடிசையில்லாக் கரைத் திட்டம்னு போட்டிருக்குது. உன் பேரு லிஸ்ட்ல வந்துருக்குது கலியா. 'மனையைத் தயார் நிலையில் வைத்திருக்கவும்'னு எழுதியிருக்காங்க."

"தயார் நிலைன்னா இன்னா பாய்?"

"ரெடியா வெச்சிருன்னு அர்த்தம்."

மனையை ரெடியாக வைப்பது எப்படி என்று கலியனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷா வருஷம் தை மாதத்தில் அவன் செய்கிற வேலை அது. உப்புத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் பாத்தியின் அடிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தாம்பாளம் போல ஆக்க வேண்டும். ஒரு குழி, ஒரு சுவடு இருந்தாலும் உப்பில் மண் ஏறிவிடும். அவன் மிதித்த பாத்தியில் முகம் பார்க்கலாம் என்று அளத்து மேஸ்திரியே சொல்லியிருக்கிறார்.

பஞ்சாங்கத்தில் ஆவணி ஆறு வாஸ்து நாள். அதை விட்டால் ஐப்பசி பதினொன்று. அதற்குள் மழை வந்துவிடும். ஆகவே ஆவணி நாலாம் தேதி கலியன் குடிசையைப் பிரித்தான். நல்ல கழிகளை அளத்து மேஸ்திரியின் கொட்டகைக்குக் கொடுத்தான். மட்கிய ஓலையைக் கொளுத்தினான். இரண்டு நாள், காலையும் மாலையும், புருஷனும் பெண்சாதியுமாக மனையை மிதித்தார்கள். ஆறாம் தேதி ஈசானிய மூலையில் ஒரு கல்லை வைத்து, நவதானியம் போட்டு, பால் ஊற்றிக் கும்பிட்டார்கள். பிறகு பக்கத்திலேயே ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அரசாங்கத்துக்காகக் காத்திருந்தார்கள்.

பதினெட்டு நாள் கழித்து ஓவர்சியர் அசோகன் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் ஒரு பெரிய செல்போன் வைத்திருந்தார்.

"ஏம்பா, குடிசை எங்க?"

"பிரிச்சிட்டேன் சார். ரெடியா வெக்கச் சொல்லி லெட்டர் வந்துச்சே."

அசோகன் மனையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "கால் நட்ட குழி ஒண்ணாவது இருக்கணுமே?"

"மிதிச்சிட்டேன் சார்."

"அடுப்பு இருந்த கருப்பு?"

"சுரண்டிப்போட்டு மிதிச்சிட்டேன் சார்" என்றான் கலியன். அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அசோகன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாரு. மொத கட்டம், பயனாளி குடிசை முன்னாடி நிக்கிற போட்டோ. இது ஏறாம அடுத்த பக்கம் தொறக்காது. பழைய போட்டோ செல்லாது. இந்த எடத்துல நின்னு இந்த போன்ல எடுத்தாத்தான் வாங்கும்."

"குடிசைதான் இல்லையே சார்."

"அதான் பிரச்சினையே. இது குடிசையை ஒழிக்கிற திட்டம். ஒழிக்கிறதுக்கு ஒரு குடிசை வேணுமா இல்லையா? நீயே ஒழிச்சிட்டா நாங்க எதுக்கு இருக்கோம்?"

"வூடு கட்டித் தர்றதுக்குத்தானே சார் இருக்கீங்க?" என்றாள் சுலோசனா.

"அது ரெண்டாவது பக்கம்மா" என்றார் அசோகன்.

அவர் கெட்டவரில்லை. போகும்போது, அலுவலகத்தில் போய்ப் பெரிய ஐயாவைப் பார்க்கச் சொல்லி, எந்தப் பஸ்ஸில் ஏறினால் கூட்டம் இருக்காது என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

திட்ட அலுவலகத்தின் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. ஒரு புது வீடு, அதன் வாசலில் சிரிக்கிற குடும்பம், பின்னால் பனிமலை. கலியன் நாலு மணி நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு இடம் போதும், மலைக்கு எங்கே இடம் விடுவது என்பது அவனுக்கு விளங்கவில்லை.

திட்ட அலுவலர் ஜெயப்பிரகாஷ் அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்ன அதிகாரியை அவன் அதற்கு முன் கண்டதில்லை. அவனுக்குக் கண் கலங்கியது.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது கலியன். நானும் சாதாரணக் குடும்பத்துல பொறந்தவன்தான். ஆனா என் கஷ்டத்தையும் நீங்க புரிஞ்சிக்கணும். உங்க ஊருக்குப் பத்தொன்பது குடிசை இலக்கு. பதினெட்டுக்கு போட்டோ ஏறிடுச்சி. உங்களது ஒண்ணுதான் பாக்கி. போட்டோ ஏத்தறதுல நாம மாவட்டத்துலயே ரெண்டாவது எடத்துல இருக்கோம், தெரியுமா?"

"கட்டிக் குடுக்கறதுல சார்?"

"அதுல போட்டி இல்ல" என்றார் ஜெயப்பிரகாஷ். "அதனால அந்தக் கணக்கை யாரும் எடுக்கிறதில்ல."

"எனக்கு இப்ப குடிசையும் இல்ல சார். தார்ப்பாய்ல கெடக்கறோம். பொண்ணு பிரசவத்துக்கு வரப்போவுது."

"நல்லது. அப்ப நீங்க வீடற்றோர் பிரிவுல வருவீங்க. அது மாடியில. மூணு வருஷம் தொடர்ந்து வீடில்லாம இருந்திருக்கணும். அந்த மூணு வருஷத்துக்கும் முகவரிச் சான்று வேணும். உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"இருவத்திரெண்டு நாள் சார்."

"இன்னும் ரெண்டு வருஷம் பதினொரு மாசம்தான்" என்றார் ஜெயப்பிரகாஷ், ஆறுதலாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இல்லன்னா ஒரு வழி இருக்கு. அதே எடத்துல மறுபடி ஒரு குடிசை போடுங்க. போட்டோ எடுத்துடலாம். ஆனா புதுக் குடிசையா இருக்கக் கூடாது. புதுசா குடிசை போட்டா அது திட்டத்தை எதிர்க்கற மாதிரி. குறைஞ்சது அஞ்சு வருஷப் பழசா இருக்கணும்."

"புதுசா எப்படி சார் பழசு கட்டறது?"

"அது பயனாளியோட பங்களிப்பு" என்று சொல்லி ஜெயப்பிரகாஷ் எழுந்து நின்று கைகூப்பினார்.

கலியன் ஊருக்கு வந்து பக்கீர் முஹம்மதுவின் கடையில் இதைச் சொன்னான். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போய்த் தங்களிடம் இருக்கிற பழசைத் தேட ஆரம்பித்தார்கள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் புதியதைக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒரு மனிதனுக்காக ஓர் ஊரே மட்கியதையும் கறுத்ததையும் சுமந்துகொண்டு வந்ததை ஒத்தப்பனைமேட்டில்தான் பார்க்க முடிந்தது. அதைக் கொடுத்தவர்களைக் கடவுள் குறைத்து நினைத்திருக்கமாட்டார்.

பக்கீர் முஹம்மதுவின் மனைவி சைபுன்னிசா தன் ஆட்டுக் கொட்டகையின் கூரையையே பிரித்துக் கொடுத்தாள். "எட்டு வருஷத்து ஓலை சுலோசனா. வாசனையே சொல்லும். எவன் வந்து மோந்து பார்த்தாலும் பழசுதான்."

"ஆடுங்க நனையுமே பாயம்மா?"

"அதுங்களை உள்ள கட்டிக்கறேன். அதுங்க எந்த ஆபீஸுக்கும் போட்டோ காட்ட வேணாம்."

மீன்காரத் தெருவிலிருந்து கிழிந்த வலைகள் வந்தன, கூரை பறக்காமல் மேலே போட்டுக் கட்ட. உப்புக் காற்றில் வெளுத்துப் போன கழிகள் வந்தன. எல்லாம் கட்டி முடிந்ததும், உள்ளே புகை ஏறிய கறுப்பு இல்லை என்று யாரோ சொன்னார்கள். சுலோசனா மூன்று நாள் ஈரத் தேங்காய் மட்டையைப் புகைய விட்டு ஊதினாள். "இருவத்தாறு வருஷமா கரி படியக் கூடாதுன்னு தொடைச்சேன். இப்ப கரி படியலன்னு ஊதறேன்" என்றாள்.

ஆனால் அந்த ஊரார் ஒரு தவறு செய்துவிட்டார்கள். வலை முடிகிறவர்களுக்கும் பாத்தி கட்டுகிறவர்களுக்கும் ஒரு முடிச்சைத் தளர்வாகப் போடத் தெரியாது. பழைய பொருளை வைத்து அவர்கள் கட்டிய குடிசை, கலியன் பிரித்த குடிசையைவிட உறுதியாக நின்றது.

புரட்டாசிக் கடைசியில் வந்த அசோகன் அதைப் பார்த்து வருத்தப்பட்டார். தூணை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. ஒரு குடம் தண்ணீர் வாங்கிக் கூரைமேல் ஊற்றச் சொன்னார். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. இன்னொரு குடம் ஊற்றினார்கள். அதற்கும் விழவில்லை.

"தகுதியான குடிசைக்கு மூணு கொறை வேணும்பா. ஒழுவணும், சாஞ்சிருக்கணும், உள்ள குனிஞ்சு போவணும்."

"குனிஞ்சுதான் சார் போவணும்."

"ஒண்ணு சரி. மத்த ரெண்டு? இவ்ளோ நல்லா கட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு வூடுன்னு மேல கேப்பாங்க."

கலியன் கூரைமேல் ஏறினான். அவனுக்காக மற்றவர்கள் வேய்ந்த ஓலையில் பதினொன்றை உருவிப் போட்டான். இறங்கி வந்து ஒரு மூலைத் தூணைத் தோளால் தள்ளிச் சாய்த்தான். தான் செய்வது சரியா என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்தால் கை ஓடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு குடிசைக்கு முன்னால் கைகட்டி நின்றான். போட்டோ ஏறியது. இரண்டாவது பக்கம் திறந்தது.

இரண்டாவது பக்கத்தில், "மேலாய்வு நிலுவை" என்று எழுதியிருந்தது.

"ஐயா நேர்ல வந்து பார்க்கணும். அதுவரைக்கும் போட்டோவும் குடிசையும் ஒரே மாதிரி இருக்கணும். ஓலையைத் திருப்பி வேய்ஞ்சிடாதே" என்று சொல்லி அசோகன் வாசலில் ஒரு தகரப் பலகையை அடித்துவிட்டுப் போனார். "இக்குடிசை அரசால் ஒழிக்கப்பட உள்ளது. பழுது பார்ப்பது தண்டனைக்குரியது."

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் மழை இறங்கியது. பதினொரு ஓலை இடைவெளியில் பதினொரு இடத்தில் ஒழுகியது. சுலோசனாவிடம் ஏழு பாத்திரம்தான் இருந்தது.

வானூரிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தாள். "எடம் சரியில்லன்னா சொல்லிடுங்க. எங்களுக்கு ஒண்ணும் பாரமில்ல, நாங்களே பாத்துக்கறோம்." நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அன்று கலியனால் சோறு சாப்பிட முடியவில்லை. ஜெயப்ரியா யாரையும் கேட்கவில்லை. நிறைமாத வயிற்றோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். "ஒழுவுனாலும் எங்கம்மா வூடு" என்று சொல்லி, உள்ளே கால் வைக்க உலர்ந்த இடம் தேடி நின்றாள். சைபுன்னிசா வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மகன் ஷஃபி துபாயிலிருந்து வந்தால் படுக்கிற அறையை ஒழித்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் குழந்தை வந்து இறங்கியதும் அந்த அறைக்குத்தான்.

கலியனும் சுலோசனாவும் அங்கே தங்கப் போகவில்லை. குடிசையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஆய்வுக்கு வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே புருஷனும் பெண்சாதியும் முறை வைத்து மழையில் நனைந்து குடியிருந்தார்கள். கலியன் தினமும் அலுவலகத்துக்குப் போன் செய்தான். "ஐயா மீட்டிங்ல இருக்காரு" என்றார்கள். என்ன மீட்டிங் என்று ஒருநாள் கேட்டான். "மழைக்கால முன்னேற்பாடு" என்றார்கள்.

அவனுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பைக் குறுக்கிப் படுத்தால் நேர் மேலே ஓட்டை தெரியும். அவன் கையால் உருவிய ஓட்டை. "சாமி, நனையாம ஒரு எடம்தானே கேட்டேன். அதை நானே பிச்சிப் போட்டுட்டு உன்னை எப்படிக் கேப்பேன்" என்று ஒருநாள் சாயங்காலம் வாய்விட்டுச் சொன்னான். பாத்திரங்களில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. அவன் எழுந்து நிறைந்ததைக் கொட்டிவிட்டு வந்தான்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, நல்ல மழையில், ஜெயப்பிரகாஷின் ஜீப் வந்தது. அவருக்கு அசோகன் குடை பிடித்தார். ஜெயப்பிரகாஷ் குனிந்து உள்ளே பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சொட்டு நல்லா விழுது! ரொம்ப நல்லா வந்துருக்கு. இந்த மழையில வந்ததுதான் நல்லதாப் போச்சு. குடும்பம் எல்லாரும் உள்ள நில்லுங்க, எடுத்துடலாம். ரேஷன் கார்டுல பொண்ணு பேரும் இருக்கே, எங்க?"

"எங்க வூட்ல இருக்குது சார்" என்றார் பக்கீர் முஹம்மது. ஜீப்பைப் பார்த்து ஊரில் பாதிப் பேர் வந்து நின்றிருந்தார்கள். "பொறந்து எட்டு நாள் கொழந்தை. இங்க எப்படி வெச்சிக்கறது?"

"உங்க வீடு கான்கிரீட் வீடா?"

"ஆமா சார்."

"அப்ப பயனாளி குடும்பத்துக்கு மாற்று இருப்பிடம் இருக்கு." ஜெயப்பிரகாஷ் உண்மையாகவே வேதனைப்பட்டார். "எடம் குடுக்கறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் பாய். நல்ல எண்ணத்துல செய்யறீங்க, நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஊர்ல ஆளாளுக்கு இப்படி எடம் குடுத்துட்டா, வீடில்லாதவன்னு ஒருத்தனையும் நாங்க கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் இவ்வளவு பெரிய அலுவலகம் எதுக்கு?"

அது நல்ல கேள்வியாகத்தான் எல்லாருக்கும் பட்டது.

"சரி, விடுங்க. நான் மனசு வெச்சி ஒண்ணு பண்றேன்" என்றார் அவர். "குழந்தையை இங்க கொண்டு வரச் சொல்லுங்க. பத்து நிமிஷம். அந்த ரெண்டாவது சொட்டுக்குக் கீழ அம்மா மடியில இருக்கட்டும். மேலிடத்துல பார்த்தா உடனே கையெழுத்து விழும். தையில அஸ்திவாரம் போட்டுடலாம்."

சைபுன்னிசா குடை பிடிக்க, ஜெயப்ரியா குழந்தையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வழியிலேயே யாரோ அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். குடிசை வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

"உள்ள வரட்டுமாப்பா? பத்து நிமிஷம்தானே. வூடு வரும்ல?"

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கலியன் அதன் நெற்றியைப் பார்த்தான். பிறகு இரண்டாவது சொட்டைப் பார்த்தான்.

"வராதம்மா. குடைக்குள்ளயே நில்லு" என்றான்.

பின்பக்கமாகப் போய்ச் சாய்ந்த தூணைப் பிடித்துக் கூரைமேல் ஏறினான். "பாய், ஓலை இருந்தா குடுங்க" என்று மேலிருந்து கேட்டான்.

"கலியன், இறங்குங்க" என்றார் ஜெயப்பிரகாஷ். "ஓலையைத் தொட்டா பேர் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"போவட்டும் சார்."

"வருத்தப்படுவீங்க."

"இப்பவே வருத்தமாத்தான் சார் இருக்குது" என்றான் கலியன். "கொஞ்சம் அந்தாண்ட நவுந்துக்குங்க. குப்பை வுழும்."

பக்கீர் முஹம்மது தன் வீட்டுக்கு ஓடினார். ஆட்டுக் கொட்டகைக்குப் புதிதாகப் போட வாங்கி வைத்திருந்த ஓலைக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். மீன்காரத் தெரு ஆட்கள் இரண்டு பேர் சாய்ந்த தூணுக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஜெயப்பிரகாஷ் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, செல்போனில் குறிப்பைச் சொல்லிப் பதிவு செய்தார்: "பயனாளி தம் குடிசையைத் தாமே பழுது பார்த்துக்கொண்டார். ஆகவே வீட்டுத் தேவை எழவில்லை. பெயர் நீக்கப்படுகிறது." அதைச் சொல்லும்போது அவர் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டார். இலக்கில் ஒன்று குறைகிறதே என்பதற்காக இருக்கலாம். அப்படித்தான் என்று நிச்சயமாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

"அசோகன், வர்றீங்களா?"

அசோகன் மழையில் நின்றுகொண்டிருந்தார். "நீங்க போங்க சார். எனக்கு இங்க ஒரு ஆய்வு பாக்கி இருக்குது."

"என்ன ஆய்வு? அதான் முடிஞ்சு போச்சே."

"கொஞ்சம்தான் சார்."

ஜீப் போனது. அசோகன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் குடிசைக்குள் குனிந்து போனார். சுலோசனாவின் பாத்திரங்களுக்கு நடுவில் அண்ணாந்து நின்றார். முகத்தில் சொட்டு விழ விழ, கண்ணைத் துடைத்துக்கொண்டு கூரையைத் தேடினார்.

"அண்ணா, இந்தாண்ட" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "இன்னும் ஒரு சாண் தள்ளி. ஆங், அங்கதான் ஒழுவுது."

மேலே ஓலை அழுந்துகிற சத்தம் கேட்டது.

"இப்போ சார்?"

"நின்னுடுச்சி. அடுத்தது அந்த மூலையில."

பதினொன்றாவது இடத்தையும் அவர் பார்த்துச் சொன்னார். பிறகு பாத்திரங்களை ஓரமாகத் தள்ளி, கையால் தரையைத் தடவிப் பார்த்து, ஈரம் இல்லாத ஓரிடத்தில் சைபுன்னிசா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பாயை விரித்தார். வெளியே வந்து, "வாம்மா" என்றார்.

ஜெயப்ரியா குழந்தையின் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு, குனிந்து, உள்ளே போனாள்.